ஊர் மிலிட்டரிக்காரங்களுக்கு விழாவா? சால்வைய ஓரமா வெச்சிட்டு அவங்கள பேச விடுங்க

நீங்க கேட்டது இதான்: ஊர்ல ரிட்டையர் ஆன மிலிட்டரிக்காரங்க ஒரு இருபது பேர் இருக்காங்க, வர்ற பொங்கலுக்கு இளைஞர் மன்றம் சார்பா அவங்கள கௌரவிக்கணும், வெறும் சால்வை போட்டு அனுப்பாம அவங்க கதை, பாட்டு, கவிதைன்னு ஏதாவது பண்ணணும், எங்கருந்து ஆரம்பிக்கிறது, என்ன பாட்டு போடலாம்னு. நான் ராணுவத்தோட தகவல் தொடர்பு பிரிவான சிக்னல்ஸ்ல 20 வருஷம் இருந்துட்டு ஹவில்தாரா வெளிய வந்தவன், வேலூர் பக்கம். ஏழெட்டு வருஷமா சுத்துப்பட்டு ஊர்ல இருக்குற பழைய ஆளுங்கள தேடிப்போய் அவங்க பேசறத போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சிட்டு வரேன், சம்பளம் கிம்பளம் எதுவும் இல்ல, பைத்தியம்தான். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன் தம்பி, பொறுத்துக்கங்க.

மொதல்ல தேதி. பொங்கல்னு நீங்க யோசிச்சது தெரிஞ்சு யோசிச்சீங்களா தெரியாம யோசிச்சீங்களான்னு தெரியல, ஆனா ஜனவரி 14 தான் நம்ம நாட்டுல முன்னாள் படைவீரர் தினம். ஃபீல்டு மார்ஷல் கரியப்பா, நம்ம ராணுவத்துக்கு மொத இந்திய தலைமை தளபதி, 1953ல அந்த நாள்ல ரிட்டையர் ஆனதால அத வெச்சிருக்காங்க. மறுநாள் ஜனவரி 15 ராணுவ தினம், 1949ல அவர் பொறுப்பெடுத்த நாள். பெரிய ஊர்கள்ல இதுக்கு பேண்டு, பரேடுன்னு நடக்கும். நம்ம பக்கம் அன்னைக்கு போகியோ பொங்கலோ வந்துடும், பழைய பாய கொளுத்திட்டு, வீடு கழுவிட்டு, பொங்க வெச்சிட்டு இருப்போம், எவனுக்கும் ஞாபகம் வராது. ஆனா ஒரு வசதி, மெட்ராஸ், பெங்களூர்னு போன பசங்க எல்லாம் வீட்டுக்கு வந்துருப்பாங்க, பேரன் பேத்தி எல்லாம் இருக்கும். தாத்தா பேசறத கேக்க அத விட நல்ல நாள் கிடையாது. போகி அன்னைக்கு வெக்காதீங்க, பொம்பளைங்க யாரும் வர முடியாது. காணும் பொங்கல் அன்னைக்கு சாயங்காலம் வைங்க.

இப்ப என்ன பண்ணக்கூடாதுன்னு சொல்லிடறேன். ஒரு தடவ ஒரு ஊர்ல என்னையும் சேத்து பதினோரு பேர மேடைல உக்கார வெச்சாங்க, ஊர் பேர் வேணாம். நாலு மணிக்கு வர சொன்னாங்க, சிறப்பு விருந்தினர் ஏழு மணிக்கு வந்தாரு. அதுவரைக்கும் ஸ்பீக்கர்ல தேசபக்தி சினிமா பாட்டு, நெஞ்சு அதிர்ற மாதிரி. ரெண்டு பேர் எண்பது தாண்டினவங்க, ஒருத்தருக்கு காதுல ஷெல் சத்தத்துல அடிபட்டு பாதி கேக்காது, அந்த பாஸ் சத்தம் மட்டும் மண்டைக்குள்ள இடிக்குதுன்னு காத பொத்திட்டு உக்காந்திருந்தாரு. அப்புறம் பேச்சாளர் எங்கள பத்தி முக்கால் மணி நேரம் பேசுனாரு, எல்லைச்சாமி, எல்லைச்சாமின்னு. எங்கள்ல ஒருத்தர் கிட்டயும் மைக் வரல. கடைசில யாரோ ஒரு பையன் யூடியூப்ல தேடி 'லாஸ்ட் போஸ்ட்'ங்கிற பிகிள் (ராணுவ ஊதுகொம்பு) இசைய போட்டுட்டான், மரியாதையா இருக்கும்னு. தம்பி, அது பழைய காலத்துல நாள் முடிஞ்சுது, காவல் போட்டாச்சுன்னு சொல்ற பிகிள்தான், ஆனா இப்ப அத கேட்டா எங்களுக்கு ஒண்ணுதான் ஞாபகம் வரும், பெட்டி, பெட்டி மேல கொடி. எனக்கு பக்கத்துல இருந்த சுபேதார் ஐயா மெதுவா சொன்னாரு, "நான் இன்னும் போகலடா". சிரிச்சோம். ஆனா அந்த ஊர் அன்னைக்கு உண்மைலயே எங்கள செத்தவங்களாத்தான் நடத்துச்சு. இருக்குறவன கௌரவிக்கிற விழால லாஸ்ட் போஸ்ட் போடாதீங்க. ஊர்ல யாராவது போர்ல போயிருந்தா அவங்களுக்குன்னு தனியா ரெண்டு நிமிஷம் எழுந்து நின்னுட்டு, அதோட முடிச்சிடுங்க.

இது நம்ம ஆளுங்ககிட்ட ரொம்ப பழைய வியாதி, செத்த வீரனத்தான் நமக்கு கொண்டாட தெரியும். நடுகல்லு விஷயத்துல நம்ம அளவுக்கு மரியாதை பண்ணவங்க கம்மிதான், அத மறுக்கல. தேனி மாவட்டம் புலிமான்கோம்பைல 2006ல கெடச்ச கல்லு ஒண்ணு, ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசுன்னு சொல்றாங்க, தமிழ் பிராமில நாலஞ்சு வார்த்தைதான் இருக்கு, ஆகோள் பூசல்ல, அதாவது மாடு கவர்ற சண்டைல, செத்தவன் பேரு அதுல இருக்கு: தீயன் அந்தவன். எங்க பக்கத்துல திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்ல மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லு இருக்கு, அதுல வீரன் பேரோட சேத்து அவன் நாய் பேரயும் போட்டுருக்காங்க, கோவிவன்னு நாய்க்கு பேரு, ரெண்டு கள்ளன கடிச்சிட்டு காவல் நின்னுச்சாம். நாய்க்கு கூட பேர் பொறிச்ச ஊரு இது! இதே தமிழ்நாட்டுல வெள்ளக்காரன் மொத உலகப்போருக்கு அப்புறம் ஊர் ஊரா ஒரு சின்ன பளிங்கு கல்லு வெச்சான், எங்கயாவது பழைய கட்டட செவுத்துல பாத்திருப்பீங்க, இந்த ஊர்லருந்து 1914-1919 போருக்கு இத்தன பேர் போனாங்க, அதுல இத்தன பேர் உயிர விட்டாங்கன்னு. அவ்ளோதான். நம்பர் மட்டும், ஒரு பேரு கிடையாது. அந்த கல்லு முன்னாடி நின்னு பல தடவ யோசிச்சிருக்கேன், அந்த ஊர்லருந்து போனவன் யாரு, எந்த தெரு, திரும்பி வந்தவன் கடைசி வரைக்கும் என்ன வேல பாத்தான்னு. கேட்டா ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. யாரும் எழுதி வெக்கல, அதான். உங்க ஊர்லயும் அந்த மாதிரி கல்லு இருக்கான்னு ஒரு தடவ தேடி பாருங்க.

விழா அழைப்பிதழ்ல புறநானூறு போடணும்னு யாராவது கெளம்புவாங்க, கண்டிப்பா "ஈன்று புறந்தருதல்" தான் வரும். நல்ல பாட்டுதான், ஆனா ராணுவம் சம்பந்தமா எந்த நோட்டீஸ எடுத்தாலும் அது இருக்கும், படிச்சு படிச்சு தேஞ்சு போச்சு. நான் வேற ஒண்ணு சொல்றேன், 281வது பாட்டு, அரிசில்கிழார் பாடுனது. சண்டைல அடிபட்டு உயிரோட வீட்டுக்கு வந்தவன பத்தின பாட்டு அது. அவன் மனைவி தன் தோழிய கூப்பிடறா. வீட்டு முகப்புல இரவ மரத்து இலையும் வேப்பிலையும் செருகுவோம், யாழோட மத்த வாத்தியமும் முழங்கட்டும், மை பூசி, வெண்கடுக தூவி, ஆம்பல் குழல ஊதி, மணி அடிச்சு, காஞ்சிப் பண் பாடி, வீடெல்லாம் வாசன புகை போடுவோம், "காக்கம் வம்மோ காதலந் தோழீ", எதுக்கு, அவன் புண்ண காக்கறதுக்கு. ராஜாவுக்கு வந்த ஆபத்த தன் மேல தாங்குன அந்த நெடுந்தகையோட புண்ண. புண்பட்டு படுத்திருக்குறவன பேய் தொடக்கூடாதுன்னு சுத்தி பாட்டு பாடி காவல் இருக்குறது, தொடாக்காஞ்சின்னே இதுக்கு ஒரு துறை வெச்சிருக்காங்க. அவன் வீரத்த பத்தி அதுல ஒரே ஒரு வரிதான், மிச்சம் முழுக்க பக்கத்துல இருக்குறவங்க என்ன பண்ணணும்ங்கிறதுதான். இத படிச்சப்ப எனக்கு ராத்திரில கத்திட்டு எழுந்துக்குற ரெண்டு மூணு பழைய ஆளுங்க ஞாபகத்துக்கு வந்தாங்க. பேயின்னா வேற என்னங்க அது. நீங்க பண்ணப்போற விழாவ இந்த பாட்டு மாதிரி பண்ணுங்க, இவ்ளோதான் நான் சொல்ல வர்றது, மிச்சமெல்லாம் எப்படி பண்றதுங்கிற விவரம்.

விழாவுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே கதை சேக்க ஆரம்பிச்சிடணும். மேடைல மைக்க குடுத்து "ஐயா உங்க அனுபவத்த சொல்லுங்க"ன்னா நூத்துக்கு தொண்ணூறு பேர் "நாட்டுக்காக சேவை செஞ்சதுல பெருமைப்படறேன், எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து"ன்னு உக்காந்துடுவாங்க. வீட்டுக்கு போங்க, ரெண்டு பேரா போங்க, கூட்டமா போகாதீங்க. மொத நாள் ரெக்கார்டர எடுக்கவே எடுக்காதீங்க, டீ குடிச்சிட்டு வாங்க. எத்தன பேர சுட்டீங்கன்னு கேக்கவே கூடாது. சின்ன பசங்க எல்லாரும் இதத்தான் கேக்குறானுங்க, சினிமா பாத்து கெட்டு போயி. இன்னொன்னு கேக்கக்கூடாதது கேன்டீன் கார்டு, மிலிட்டரி ரம் கெடைக்குமான்னு. ஊர்ல எங்கள பாத்தா மொத கேள்வியே அதான், சிரிச்சுட்டு போயிடுவோம், ஆனா கதை கேக்க வந்தவனும் அதையே கேட்டா கதவு சாத்திடும்.

கேக்க வேண்டியது சின்ன சின்ன விஷயம். வீட்ட விட்டு கெளம்புன அன்னைக்கு யார் ஸ்டேஷன் வரைக்கும் வந்தாங்க, ஜி.டி. எக்ஸ்பிரஸ்ல கைல என்ன சாப்பாடு இருந்துச்சு, மொத தடவ சப்பாத்தி மட்டும் மூணு வேளை தின்னப்ப எப்படி இருந்துச்சு, ஹிந்தி யார் கத்து குடுத்தா, பக்கத்து கட்டில்ல படுத்தவன் எந்த ஊரு, இப்ப எங்க இருக்கான். பக்கத்து கட்டில்காரன கேட்டீங்கன்னா பாதி கதை தன்னால வந்துடும், இல்லனா ஆளு அப்படியே அமைதியாயிடுவாரு, அமைதியானா விட்டுடணும், தோண்டக்கூடாது. டிரங்க் பெட்டிய தெறக்க சொல்லுங்க. வெள்ள பெயிண்ட்ல நம்பர், பேரு, யூனிட் எழுதுன கருப்பு பெட்டி எல்லா மிலிட்டரிக்காரர் வீட்டுலயும் பரண் மேல இருக்கும். அதுக்குள்ள மெடல், டிஸ்சார்ஜ் புக், குரூப் போட்டோ, 56 ஏபிஓ இல்லனா 99 ஏபிஓன்னு (ராணுவ தபால் ஆபீஸ் நம்பர்) முகவரி போட்ட இன்லேண்ட் லெட்டரு. அந்த முகவரிக்கு ஊர் பேரே கிடையாது, வீட்டுக்காரி லெட்டர் போடுவா ஆனா புருஷன் எந்த மலைல இருக்கான்னு அவளுக்கு தெரியாது. குரூப் போட்டோல ஒவ்வொரு மூஞ்சியா விரல் வெச்சு கேளுங்க, வேற எதுவும் கேக்க வேணாம், ரெண்டு மணி நேரம் ஓடிடும்.

இன்னொரு விஷயம், எல்லாரும் துப்பாக்கி தூக்குனவன்னு நெனைக்காதீங்க. மெட்ராஸ் ரெஜிமெண்ட்னா "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு"ன்னு போர் முழக்கம், வெலிங்டன்ல ட்ரெயினிங், 1758லருந்து இருக்குற படை, அத பத்தி சொன்னா கூட்டம் கை தட்டும், நியாயம்தான். ஆனா உங்க ஊர் இருபது பேர்ல பாதி பேர் டிரைவர், சமையக்காரர், கிளார்க், நர்சிங் அசிஸ்டென்ட், என்ன மாதிரி ஒயரு இழுக்கறவன், பாலம் கட்டறவன். இவங்களே "நான் என்ன சார் பெருசா பண்ணேன், லங்கர்ல சோறு ஆக்குனேன்"னு ஒதுங்கிடுவாங்க. அப்படி ஒதுங்கறவர விடாதீங்க. பெங்களூர்ல இருக்குற மெட்ராஸ் சாப்பர்ஸ்ல நம்மாளுங்கள ராணுவம் முழுக்க 'தம்பி'ன்னுதான் கூப்பிடும், அது ஒரு செல்லப் பேரு. பாலம் போடறது, கண்ணிவெடி எடுக்கறதுன்னு அவங்க வேல. அதுல சுபேதார் சுப்பிரமணியன்னு ஒருத்தர், செங்கல்பட்டு பக்கத்துக்காரர், 1944ல இத்தாலில கண்ணிவெடி தேடிட்டு போறப்ப பின்னாடி வந்தவன் ஒரு வெடிய மிதிச்சிட்டான், வெடிக்கறதுக்குள்ள இவர் அது மேல விழுந்து மத்தவங்கள காப்பாத்திட்டு போயிட்டாரு. இறந்தப்புறம் ஜார்ஜ் கிராஸ்ங்கிற பெரிய பிரிட்டிஷ் வீர விருது குடுத்தாங்க. உங்க ஊர் ஸ்கூல் பசங்ககிட்ட இந்த பேர கேட்டு பாருங்க, ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது. வேலூர் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டைன்னே பேரு, வீட்டுக்கு ஒருத்தர் படைல இருப்பாங்க, அங்க கூட தாத்தா எந்த யூனிட்ல இருந்தாருன்னு கேட்டா முழிக்கிற பேரனுங்கள பாத்திருக்கேன்.

ரெக்கார்டிங் பத்தி. பெரிய மைக்கெல்லாம் வேணாம், போன் போதும், ஃபேன ஆஃப் பண்ணுங்க, போன அவருக்கு ஒரு முழம் தள்ளி மடிச்ச துண்டு மேல வைங்க, ஏரோப்ளேன் மோட்ல போடுங்க. ஆரம்பத்துலயே அவர் வாயாலயே பேரு, ஊரு, எந்த வருஷம் சேந்தாரு, எந்த வருஷம் வெளிய வந்தாரு, யூனிட், சொல்ல வெச்சிடுங்க. ரெக்கார்ட் பண்றோம், யாருக்கெல்லாம் போட்டு காட்டலாம்னு கேட்டு வாங்கிக்கங்க. ரெண்டு எடத்துல காப்பி வைங்க, ஒண்ணு அந்த குடும்பத்துக்கே குடுங்க. இப்ப இருக்குற யூனிட், இடம், சாமான் பத்தி ஏதாவது பேசுனா அத வெளிய போடாதீங்க, பழைய கதையே ஏராளமா இருக்கு. அமெரிக்கால 2000ல அவங்க பார்லிமெண்டே சட்டம் போட்டு, படைல இருந்து வந்தவங்க பேச்ச சேத்து வெக்கிற வேலைய அங்க இருக்குற பெரிய தேசிய நூலகத்துக்கிட்ட குடுத்துட்டாங்க. யார் வேணா தன் வீட்டு தாத்தாவ பேச வெச்சு அனுப்பலாம், ஒரு முக்கியமான நிபந்தனை, குறைஞ்சது 30 நிமிஷமாவது பேசியிருக்கணும். அந்த 30 நிமிஷம் நல்ல கணக்கு. என் அனுபவத்துல மொத இருபது நிமிஷம் எல்லாரும் பரேடுல நிக்கிற மாதிரிதான் பேசுவாங்க, அப்புறம்தான் கால நீட்டுவாங்க.

குரலா எடுத்து வெக்கணும்னு ஏன் சொல்றேன்னா ஒரு விஷயம் இருக்கு. மொத உலகப்போர்ல ஜெர்மன்காரன் கைல சிக்குன நம்ம சிப்பாய்ங்க சில பேர பெர்லின் பக்கத்துல வுன்ஸ்டார்ஃப்ங்கிற எடத்துல ஒரு கேம்ப்ல வெச்சிருந்தாங்க. அங்க மொழி ஆராய்ச்சி பண்ற ஜெர்மன் வாத்தியாருங்க போய் கைதிங்கள பேச வெச்சு, பாட வெச்சு கிராமபோன் தட்டுல பதிவு பண்ணாங்க. அதுல மால் சிங்னு ஒரு பஞ்சாபி சிப்பாய், 1916 டிசம்பர்ல பேசுறாரு, ரொம்ப சின்ன பதிவுதான். "ஒரு மனுஷன் இருந்தான், ஹிந்துஸ்தான்ல வெண்ணெ சாப்ட்டுட்டு இருந்தான்"னு ஆரம்பிச்சு, அந்த மனுஷன் ஐரோப்பா சண்டைக்கு வந்தான், ஜெர்மன்காரன் புடிச்சிட்டான், அவனுக்கு ஊருக்கு போகணும், ஆண்டவன் மனசு வெச்சா போவான், அப்படின்னு. தன்ன பத்தியே மூணாவது மனுஷன் கதை மாதிரி சொல்றாரு. ஜெர்மன்காரனுக்கு வேண்டியது பஞ்சாபி உச்சரிப்பு, ஆனா நூறு வருஷம் கழிச்சு நமக்கு கெடச்சது அந்த ஆளோட ஏக்கம். நான் ரெக்கார்ட் பண்ணதுல பல பேர் இப்படித்தான், 'நான்'னு சொல்லவே மாட்டாங்க, "பசங்க மேல ஏறுனாங்க", "ஆளுக்கு வெரல் போயிடுச்சு"ன்னுவாங்க, யாருக்குன்னு பாத்தா அவர் கைலயே ரெண்டு வெரல் இருக்காது. எழுதறப்ப இத 'நான்'னு திருத்திடாதீங்க, அவர் சொன்னபடியே விடுங்க.

பாட்டுக்கு வரேன். லதா மங்கேஷ்கர் 1963 ஜனவரி 27ம் தேதி டெல்லில நேரு முன்னாடி பாடுன 'ஏ மேரே வதன் கே லோகோ' எல்லாருக்கும் தெரியும், சீனா சண்டை முடிஞ்சு ரெண்டு மாசம்தான் ஆயிருந்துச்சு. அருமையான பாட்டு, ஆனா அதுவும் போனவங்கள பத்தினதுதான். தமிழ்ல அதே 1963ல 'ரத்தத் திலகம்' வந்துச்சு, அதுல கண்ணதாசன் எழுதி டி.எம்.எஸ். பாடுன 'பனி படர்ந்த மலையின் மேலே' இருக்கு, அந்த தலைமுறை ஆளுங்க யாராவது இருந்தா போடுங்க, கண்ணு கலங்கும். இதெல்லாம் ஓகே. ஆனா உங்க இருபது பேரும் படைல இருந்தப்ப என்ன பாட்டு கேட்டாங்க, என்ன பாட்டு பாடுனாங்கன்னு கேட்டு வாங்கி அத போடுங்க. எழுவதுகள்ல, எம்பதுகள்ல இருந்தவங்கள கேட்டா விவித் பாரதி 'ஜெய்மாலா'ன்னு சொல்லுவாங்க, ஜவான்களுக்குன்னே வர்ற நிகழ்ச்சி, ஜவானுங்க லெட்டர் போட்டு பாட்டு கேப்பாங்க, சில நாள் சினிமாக்காரங்களே வந்து பேசி பாட்டு போடுவாங்க. ஹிந்தி புரியாத வயசுல அத கேட்டு ஹிந்தி கத்துக்கிட்டவங்க ஏராளம். அப்புறம் லீவுல வந்து திரும்பறப்ப எல்லார் பெட்டிலயும் நாலு இளையராஜா கேசட் இருக்கும், யூனிட்டுக்கு போனதும் அது பத்து கை மாறி நாடா அறுந்து, ஒட்டி, பேனாவ விட்டு சுத்தி, திரும்ப வராது. அது மொத்த பிளாட்டூனுக்கும் சொந்தம்.

படாகானான்னு ஒண்ணு உண்டு, ஆபீசரு, ஜவான் எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுற பெரிய விருந்து. அன்னைக்கு ஒவ்வொரு ஊர்க்காரனும் அவன் பாட்ட பாடணும். பஞ்சாபி பாடுவான், கர்வாலி பாடுவான், நம்மாளுக்கு முறை வந்தா ஒண்ணு எம்ஜிஆர் பாட்டு, இல்லனா கூத்து பாட்டு, இல்லனா அவன் அம்மா நடவுக்கு பாடுறது. எங்க யூனிட்ல செங்கம் பக்கத்து ஆள் ஒருத்தன் தெருக்கூத்து குடும்பம், தட்ட கவுத்து போட்டு கர்ண மோட்சம் பாடுவான், பாஷை தெரியாத ஜம்மு பக்கத்து டோக்ரா பசங்க வாய பொளந்துட்டு கேப்பானுங்க. நீங்க பண்ற விழாவே ஒரு படாகானா மாதிரி இருந்தா என்ன? மேடை வேணாம், பந்தி போடுங்க, ஊரும் அவங்களும் ஒண்ணா உக்காந்து சாப்பிடட்டும், சாப்ட்டுட்டு ஒவ்வொருத்தரா அவங்க அங்க பாடுன பாட்ட இங்க பாடட்டும், தப்பும் தவறுமா ஹிந்தில பாடுனாலும் சரி. தப்பாட்டக் குழு, நாதஸ்வரம் எது உங்க ஊர்ல இருக்கோ அத கூப்பிடுங்க, அவங்களுக்கு காச ஒழுங்கா குடுங்க, ஊர் பெருமைக்குன்னு ஓசில அடிக்க சொல்லாதீங்க. பட்டாசு மட்டும் வேண்டவே வேணாம். சரவெடி சத்தத்துல திடீர்னு கீழ உக்காந்துட்ட ஒரு மனுஷன நான் பாத்திருக்கேன், சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. அன்னைக்கு வந்த கோவம் இன்னும் போகல.

கவிதை. இதுல வெளியாள் கவிஞர கூப்பிட்டு "பனிமலையில் உறைந்தாலும் பாரதம் காத்தவனே"ன்னு வாசிக்க விட்டுடாதீங்க ப்ளீஸ். அவங்களையே எழுத வைங்க, எழுத வராதவங்க சொல்லட்டும், உங்க பசங்க எழுதட்டும். இங்கிலாந்துல வில்ஃப்ரெட் ஓவன்னு ஒரு கவிஞர், 1917ல பிரான்ஸ் போர்முனைல நரம்பு தளர்ந்து எடின்பரோ பக்கத்துல கிரெய்க்லாக்ஹார்ட்ங்கிற ராணுவ ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. அங்க அவர பாத்த டாக்டர் சும்மா படுக்க விடல, வேல குடுத்து எழுத வெச்சாரு, ஆஸ்பத்திரி பத்திரிகைக்கு ஆசிரியராவே ஆக்கிட்டாங்க. அதே ஆஸ்பத்திரில இருந்த சஸூன்ங்கிற இன்னொரு அதிகாரி-கவிஞர் அவர் எழுத்த திருத்தி குடுத்தாரு. இன்னைக்கு உலகம் படிக்கிற அவர் கவிதைங்க பலதும் அந்த ஒரு வருஷத்துல வந்ததுதான். திரும்ப போர்முனைக்கு போய் 1918 நவம்பர் 4ம் தேதி செத்தாரு, 11ம் தேதி போர் முடிஞ்சு ஊரே மணி அடிச்சு கொண்டாடிட்டு இருந்தப்ப அவங்க அம்மாவுக்கு தந்தி வந்துச்சு. அவர் எழுதுனதுல வாழ்க கோஷம் கிடையாது, சேறு, புகை, பக்கத்துல செத்தவன், அதான் இருக்கும்.

நான் பண்றது ரொம்ப சிம்பிள். ஒரு பொருள் சொல்ல சொல்லுவேன், அத வெச்சு நாலு வாக்கியம் சொல்ல சொல்லுவேன், அவ்ளோதான், கவிதைன்னு சொன்னா பயந்துடுவாங்க. ராணுவத்தோட சப்ளை பிரிவான ஏஎஸ்சில டிரைவரா, லடாக்ல லே ரோட்டுல வண்டி ஓட்டுன ஒருத்தர் சொன்னத அப்படியே போடறேன், அவர் சம்மதத்தோடதான், நான் செஞ்சதெல்லாம் வரிய ஒடச்சு எழுதுனது மட்டும்தான்:

டீசல் ஒறஞ்சு போச்சு
வண்டிக்கு அடியில தீ மூட்டுனோம்
எங்களுக்கு மூட்ட வெறகு இல்ல
சட்ட பையில லெட்டர் இருந்துச்சு
எரிச்சா ரெண்டு நிமிஷம் வரும்
வேணாம்னு திரும்ப பைல வெச்சேன்

இத அவர் பேத்தி எங்க ஊர் ஸ்கூல்ல வாசிச்சுது. அவருக்கு வெக்கம் தாங்கல, வெளிய போய் நின்னுக்கிட்டாரு.

இப்ப கொஞ்சம் கஷ்டமான விஷயம். 1987லருந்து 1990 வரைக்கும் அமைதிப்படைல இலங்கை போனவங்க உங்க ஊர்லயும் ஒருத்தர் ரெண்டு பேர் இருப்பாங்க. அவங்கள தனியா கவனிங்க. ஆயிரத்துக்கும் மேல நம்ம ஜவான்க அங்க செத்தாங்க, மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு இறந்தப்புறம் பரம்வீர் சக்கரமே குடுத்தாங்க. அதே சமயம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரில 1987 அக்டோபர்ல நடந்தது மாதிரி அங்க இருக்குற தமிழ் ஜனங்களுக்கு நடந்த கொடுமையும் உண்மை. படை 1990 மார்ச்ல மெட்ராஸ் துறைமுகத்துல வந்து எறங்குனப்ப அப்ப இருந்த முதலமைச்சர் கலைஞர் வரவேற்க போகல. அதுக்கு அவருக்கு காரணம் இருந்துச்சு, ஊருக்கும் காரணம் இருந்துச்சு, எறங்குன சிப்பாய்க்கு மட்டும் எது எதுக்கு நடந்துச்சுன்னு யாரும் சொல்லல. அதுல இருந்த தமிழ் பசங்க நெலம இன்னும் மோசம், மொழி தெரிஞ்சவங்கிறதால எல்லா வீட்டு வாசல்லயும் முன்னாடி நிக்க வெச்சு பேச வெப்பாங்க, எதுத்தாப்புல அழுவுற பொம்பள நம்ம பாஷைல அழுவும். ஒருத்தர் என்கிட்ட ஒரே ஒரு வாக்கியம் சொன்னாரு, "மத்தவனுங்களுக்கு அது சத்தம், எனக்கு மட்டும் அது வார்த்தை". அதுக்கு மேல அவர் பேசல, நானும் கேக்கல. இந்த கதையெல்லாம் மேடைல போட்டு கை தட்டு வாங்கற கதை இல்ல. அவர் சொன்னா கேளுங்க, வீர கதையாவும் ஆக்காதீங்க, குத்தவாளி கூண்டுலயும் ஏத்தாதீங்க. உங்க பக்கத்துல அகதிகள் முகாம் இருந்து அங்கருந்தும் ஜனங்க விழாவுக்கு வருவாங்கன்னா இன்னும் யோசிச்சு பண்ணுங்க.

வீட்டுக்காரம்மாவ மறந்துடாதீங்க. பாதி கதை அவங்ககிட்டதான் இருக்கு, சொல்லப்போனா நல்ல பாதி. நாங்க வருஷத்துக்கு ரெண்டு மாசம் லீவுல வந்து ராஜா மாதிரி இருந்துட்டு போயிடுவோம், மிச்ச பத்து மாசம் மாமியார், புள்ள, நிலம், ரேஷன், பள்ளிக்கூடம் எல்லாம் அவங்கதான். கார்கில் அப்ப, 1999 மே, ஜூன்ல, எங்க தெருவுல டிவி இருந்த ஒரே வீட்டுல பொம்பளைங்க எல்லாம் ராத்திரி செய்திக்கு உக்காந்திருப்பாங்களாம், என் வீட்டம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டா வெளிய வர மாட்டாங்களாம், தந்தியா இருந்தா அவனே கதவ தட்டட்டும்னு. அந்த 281வது புறநானூறு பாட்டுல பேசறவளும் பொண்டாட்டிதான்னு ஞாபகம் வைங்க. விழால ஒரு அரை மணி நேரம் அவங்களுக்கு மட்டும் ஒதுக்குங்க, புருஷன்மார் அந்த நேரம் வாய மூடிட்டு கேக்கணும்னு கண்டிஷன் போடுங்க.

பேர் லிஸ்ட் வேணும்னா மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல போய் கேளுங்க. ஆளுங்க விவரத்த உங்க கைல தர மாட்டாங்க, தரவும் கூடாது, ஆனா உங்க நோட்டீஸ அங்க ஒட்ட விடுவாங்க, கேன்டீன்லயும் ஒட்டுங்க, மாசத்துக்கு ஒரு தடவ எல்லாரும் அங்க வந்தே ஆவாங்க. நாப்பது வயசுக்குள்ள ரிட்டையர் ஆனவங்க பல பேர் டவுன்ல ஏடிஎம், அபார்ட்மெண்ட் வாசல்ல செக்யூரிட்டியா நிப்பாங்க, பொங்கலுக்கு லீவு கெடைக்காது, அவங்களுக்கு முன்னாடியே சொல்லி ஷிஃப்ட் மாத்த டைம் குடுங்க. வயசானவங்கள வண்டி வெச்சு கூட்டிட்டு வாங்க. மைதானத்துல நாற்காலி போடறப்ப கைப்பிடி வெச்ச நாற்காலியா பாத்து போடுங்க, முட்டி போனவங்க எழுந்துக்க புடிமானம் வேணும், கிளைமேக்ஸ்ல தேசிய கீதம் வரும், எழுந்து நிக்கணும்னு எல்லாரும் அடம் புடிப்பாங்க, தொண்ணூறு வயசு ஆளும் அடம் புடிக்கும். அவருக்கு பக்கத்துல உங்க பையன் ஒருத்தன நிக்க வைங்க, கைய புடிக்க சொல்லாதீங்க, கேட்டா மட்டும் குடுக்கட்டும்.